ஒட்னி போட்ட பிரேக்

எங்கள் ஸ்கார்வோய் தீவிலிருந்து எங்கே போவதானாலும் துறை இறக்கத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகக் கடலைப் பார்த்து விழுகிற சாலை அது. முடிவில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஃபெர்ரி நின்றால் ஃபெர்ரி, நிற்காவிட்டால் தண்ணீர். அந்தச் சாலையைப் போட்டவன் என்ன யோசனையில் போட்டானோ தெரியாது. ஃபெர்ரியின் தளத்தில் நின்று வண்டிகளுக்குக் கைகாட்டுகிற வேலையை இத்தனை வருஷமாகச் செய்கிறேன்; இன்றைக்கும் மேலேயிருந்து ஒரு வண்டி கொஞ்சம் வேகமாக வந்தால் என் கை தானாகவே நிறுத்தச் சொல்லி மேலே போய்விடும்.

என் பெயர் ரைடார். ஆனால் நான் சொல்ல வந்தது ஒட்னியைப் பற்றி. ஒட்னி கால் பார்க்கிறவள். வயதானவர்கள் குனிந்து தங்கள் கால் நகத்தை வெட்ட முடியாமல் போகிற காலம் வருமே, அப்போது அவர்கள் தேடுவது ஒட்னியைத்தான். நகம் வெட்டுவாள், பித்தவெடிப்பைச் சுரண்டுவாள், ஆணியை எடுப்பாள், ஊர்வம்பு கேட்பாள். தண்ணீருக்கு அந்தப்பக்கம் கரையோரத்துக் கிராமங்களில் அவளுக்காகக் காத்திருக்கிற கால்கள் ஏராளம். அந்த ஊர்களுக்கெல்லாம் அவள் போவது மோட்டார் சைக்கிளில்.

ஏன் கார் இல்லை என்று கேட்டால் ஒரு காரணம் சொல்வாள். எங்கள் ஃபெர்ரி சின்னது. மீன் லாரி இரண்டு ஏறிவிட்டால் கார்களெல்லாம் அடுத்த நடைக்குக் காத்துக்கிடக்க வேண்டியதுதான். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் எப்போதும் ஒரு மூலை கிடைக்கும். நியாயமான காரணம்தான், ஆனால் முழு உண்மை அல்ல. அந்தப் பழைய இத்தாலி வண்டியின் மேல் அவளுக்குக் கிறுக்கு. ஐம்பதைத் தாண்டிய பெண்பிள்ளை, ஹெல்மெட்டைக் கழற்றும்போது முகத்தைப் பார்த்தால் பரீட்சை முடிந்த பிள்ளையைப் போல இருக்கும். அந்த முகத்துக்காகவே ஃபெர்ரியில் நல்ல மூலையாக ஒதுக்கி வைத்திருப்பேன். எனக்கு அவளைப் பிடிக்கும். ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. எங்கள் ஊரில் இதையெல்லாம் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்றில்லை.

போன இலையுதிர் காலத்தில்தான் அது நடந்தது. ஒட்னி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். முன் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற பழைய ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. லீவரைப் பிடித்தாள், அது பொசுக்கென்று ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது. ஃபெர்ரி அப்போது நடுக்கடலில். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் தண்ணீர். வண்டியை ஓரத்துச் சரளையில் வேண்டுமென்றே சாய்த்தாள். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. ரத்தமும் சரளையுமாகக் கிடந்தவளை ஓடிவந்து தூக்கியவன் அவளுடைய அண்ணன் ஐலிஃப். படகிலிருந்து மீனை இறக்கிக்கொண்டிருந்தவன், கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

அண்ணன் என்றாலும் அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எங்களுக்குள் எல்லோரும் அப்படித்தான். ஐலிஃப் நல்லவன், வாய்தான் கெட்டது. அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பாட்டு: வண்டியை விற்றுவிடு. அவள் கட்டோடு படுத்திருந்தபோதும் அதே பாட்டு, கட்டுப் பிரித்த பிறகும் அதே பாட்டு. தண்ணீருக்கு அந்தப்பக்கத்து மெக்கானிக் வசந்தத்தில்தான் குழாய்களைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தான். அதைச் சொன்னால் ஐலிஃப் இன்னும் எகிறினான். காசு வாங்குகிறவனே பார்க்கவில்லை என்றால் வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்டான்.

"நான் பாக்குறேன்," என்றாள் ஒட்னி. "இனிமே அந்த பிரேக்கை என்னைத் தவிர யாரும் தொடப்போறதில்ல."

"நீயா? நீ நகம் வெட்டுறவ."

"நீ மீன் புடிக்கிறவன். உன் படகு எஞ்சினை யாரு பிரிச்சுப் போடுறா?"

கடைசியில் இருவரும் என் முன்னாலேயே ஒரு முடிவுக்கு வந்தார்கள். குளிர்காலம் முழுக்க அவள் வேலை பார்க்கட்டும். மே மாதம், பனியில் வழுக்காமல் இருக்கச் சாலையில் கொட்டிய சரளையைக் கூட்டியெடுத்த பிறகு, ஐலிஃபின் கண்முன்னால் இறக்கத்தில் வந்து வெள்ளைக் கோட்டில் நிறுத்திக்காட்ட வேண்டும். நின்றால் அவன் இனி வாயைத் திறக்கக் கூடாது. நிற்காவிட்டால் சாவி அவன் கைக்குப் போகும், வண்டியை அவன் விற்றுவிடுவான். இதெல்லாம் ஒரு ஒப்பந்தமா என்று நான் சத்தம் போட்டேன். அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் காப்பியைக் குடிக்கப் போய்விட்டேன்.

அவள் வீட்டின் கீழறையில், துணி துவைக்கிற இடத்தில், வண்டி குளிர்காலம் முழுக்க நின்றது. நான் வாராவாரம் போவேன். கால் பார்க்கிற சாமான்களையெல்லாம் அவள் பிரேக்குக்குத் திருப்பிவிட்டிருந்தாள். பழைய எண்ணெய் வடிவதற்குக் கால் ஊறவைக்கிற பிளாஸ்டிக் தொட்டி. சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில் படிந்த கறையைச் சுரண்டுவதற்குப் பித்தவெடிப்பு அரம். பிரேக் எண்ணெய் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும் என்று பெட்ரோல் டேங்குக்கு மேல் கிழவிகளின் காலைத் துடைக்கிற துவாலை. தேய்ந்துபோன பிரேக் பேடுகளைக் கழற்றி மேஜையில் வைத்து, ஒரு நோயாளியின் பாதத்தைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறதே, காலிப்பர் இறுகியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதுக் குழாய்கள் எஃகு வலை போர்த்தியவை. மாட்டுவது சுலபம், அதற்குள் இருக்கிற காற்றை எடுப்பதுதான் உயிரை வாங்கியது. அவள் கீழே உட்கார்ந்து காலிப்பரின் சின்ன முனையைத் திறப்பாள், நான் மேலே லீவரைப் பிடிக்க வேண்டும். பிடி என்றால் பிடிக்க வேண்டும், விடு என்றால்தான் விட வேண்டும்.

"நான் சொல்றதுக்கு முன்னாடி விட்டா காத்து திரும்ப உள்ள போயிடும். அப்புறம் முதல்லேருந்து. நீ இன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாது."

அது எனக்கு அவ்வளவு பெரிய தண்டனையாகத் தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு விளையாடத் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவை முனையைத் திறக்கும்போதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முனையில் மாட்டிய தெளிவான பிளாஸ்டிக் குழாயில் குமிழி வந்தது, நின்றது, மறுபடி வந்தது. லீவர் பஞ்சுபோல அமுங்கியது. ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தது. செம்பு வாஷரை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பித்தாள். லீவரை ஹேண்டில்பாரோடு சேர்த்துக் காலுக்குக் கட்டுகிற பேண்டேஜால் இறுக்கிக் கட்டி, அப்படியே விட்டுவைத்தாள். மிச்சக் காற்று மெல்ல மேலே ஏறி வந்துவிடும் என்றாள். அடுத்த வாரம் நான் பிடித்தபோது லீவர் கல்லாக நின்றது.

"இதை ஞாபகம் வெச்சுக்க," என்றாள். "மெத்துன்னு இருந்தா உள்ள காத்து. கல்லு மாதிரி இருந்தா வேலை சரி."

எனக்கு எதற்கு ஞாபகம் என்று கேட்டேன். தனக்குத்தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். அந்த எலும்பு முறிந்த தோளை அவள் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் பேசினாலும் அவளுக்குள் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது, நான்தான் காட்டிக்கொள்ளவில்லை.

இங்கே ஐலிஃபின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவன் பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு எண்ணெய்த் துணி இருக்கும். மீன் ஈரல் எண்ணெயோடு ஆட்டுரோமக் கொழுப்பைக் கலந்து அவனே காய்ச்சுகிற எண்ணெய். நாற்றம் என்றால் நாற்றம். கதவுக் கீல், கோடாலி, சைக்கிள் செயின், தேவாலயத்துக் கம்பிக் கதவு, யார் வீட்டு இரும்பானாலும் போகிறபோக்கில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவான். அவன் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்; எங்கள் தீவில் எல்லோருமே இப்படித்தான். உப்புக் காற்றில் வெறும் இரும்பு நாலு நாள் தாங்காது. துருப்பிடிக்கிற இரும்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது, அழுகிற பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது மாதிரி. யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. ஆனால் ஒட்னியின் வண்டியை மட்டும் ஐலிஃப் தொட்டதே கிடையாது. அது துருப்பிடித்து உதிர்ந்தால் அவனுக்குச் சந்தோஷம்தான்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை. விடிந்ததும் ஒட்னி தேவாலயத்துக்கு மேலே உள்ள சமதளச் சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தாள். மெதுவாகப் போய் நிறுத்தி, கொஞ்சம் வேகமாகப் போய் நிறுத்தி, புதுப் பேடுகள் டிஸ்க்கோடு நன்றாகப் பொருந்தும்வரை ஓட்டினாள். எல்லாம் பிரமாதம். வீட்டுக்கு வந்து, ஊர் பார்க்கப்போகிறதே என்று வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் ரொட்டியும் பழுப்புச் சீஸும் சாப்பிட்டாள், தோல் உடுப்பை மாட்டினாள்.

அந்தப் பழைய வண்டியின் டிஸ்க் வார்ப்பிரும்பு. தண்ணீர் பட்டால் உடனே மேலாகப் பழுப்பேறும். ஓட்டுகிறவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, முதல் தடவை பிரேக் பிடித்தாலே தேய்ந்து போய்விடும். ஆனால் கடல் மூட்டமும் இருந்த காலை அது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசல் வழியாகத் துறைக்குப் போனவன் ஐலிஃப். பளபளவென்று கழுவி நிற்கிற வண்டி, முன்சக்கரத்து இரண்டு டிஸ்க்குகள் மட்டும் பழுப்பாக. கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறான். பிறகு பின்பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து, இரண்டு டிஸ்க்கையும் முன்னும் பின்னும் நன்றாகத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, துணியை மடித்து வைத்துக்கொண்டு துறைக்கு இறங்கிவிட்டான். இதை அவனே பிற்பாடு சொன்னான். வீட்டுக்குள் இருந்த ஒட்னிக்குத் தெரியாது. கீழே ஃபெர்ரியில் இருந்த எனக்கும் தெரியாது.

துறையில் ஒரு சின்னக் கூட்டம். கையில் காப்பி ஃபிளாஸ்க்கோடு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஐலிஃப் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். ஃபெர்ரி துறையில் கட்டியிருந்தது, வண்டிகள் ஏறுகிற பலகை இறங்கியிருந்தது. இடப்பக்கம் கார்களை ஏற்றிவிட்டேன். நடு வரிசை காலி. மீன் லாரிக்காரன் நடுவில் ஏறுவதற்கு எஞ்சினைப் போட்டு உறுமிக்கொண்டிருந்தான். ஒட்னி வந்து நிறுத்தட்டும், அப்புறம் போகலாம் என்று அவனைக் காத்திருக்கச் சொன்னேன். அவன் முணுமுணுத்தான்.

தேவாலயத்துப் பக்கம் அவள் தலை தெரிந்தது. வண்டி இறக்கத்தில் விழுந்தது. சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும், வழக்கமான வேகம்தான். பாதி இறக்கத்தில் அவள் பிரேக் பிடிக்கிற இடம் ஒன்று உண்டு, ஒரு சிவப்புக் கொட்டகைக்கு நேராக. அந்த இடம் வந்தது. பிரேக் பிடித்தால் அமுங்குகிற முன்பக்கம் அமுங்கவில்லை. வேகம் குறையவில்லை.

பிறகு அவள் சொன்னாள்: லீவரைப் பிடித்தேன், கல் மாதிரி நின்றது. ஆனால் வண்டி நிற்கவில்லை. குழாய் வெடிக்கவில்லை, காற்று இல்லை, என் வேலை எல்லாம் சரி, ஆனால் வண்டி நிற்கவில்லை. அந்த நொடியில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்ததாம்.

எஞ்சின் அலறியது; கியரை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளுகிறாள். பின்சக்கரம் சுற்றாமல் இறுகி இழுபட்டது. பின்னால் இருப்பது பழைய டிரம் பிரேக், அதற்கு அவ்வளவுதான் முடியும். வேகம் கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. கூட்டத்தில் யாரோ ஃபிளாஸ்க்கைக் கீழே போட்டார்கள். ஐலிஃப் அசையாமல் நின்றான். நான் லாரியைப் பார்த்தேன். பொறுமை இழந்த அந்த மடையன் பலகையை நோக்கி நகர ஆரம்பித்திருந்தான்.

நான் லாரிக்கு முன்னால் போய் நின்றேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, ஆனால் எங்கள் பாதிரியார் அதை இன்றுவரை எனக்கு மன்னிக்கவில்லை. லாரி குலுங்கி நின்றது. ஒட்னிக்கு இரண்டு கையையும் நடு வரிசையை நோக்கி வீசினேன்: உள்ளே வா, உள்ளே வா. அவள் கோட்டைத் தாண்டினாள். கடல் ஏறியிருந்த நேரம். பலகை ஃபெர்ரியை நோக்கிக் கொஞ்சம் மேல்வாக்கில் சாய்ந்திருந்தது. அந்த ஏற்றம் வேகத்தில் ஒரு பங்கை விழுங்கியது. தடாலென்று தளத்தில் ஏறி, வலப்பக்கத்து இரும்புச் சுவரோடு வண்டியைச் சாய்த்தாள். எஞ்சினைக் காக்கிற கம்பி சுவரில் தேய்ந்து பொறி பறந்தது. மறுமுனைக் கதவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது.

அவள் இறங்கவில்லை. நான் ஓடிப்போய் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சூடான டிஸ்க்கிலிருந்து லேசாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. தளம் முழுக்க மீன் பொரிக்கிற நாற்றம். ஸ்கார்வோயில் பிறந்த யாருக்கும் அது யாருடைய எண்ணெய் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காரிலிருந்து இறங்கி வந்த ஒருவர் மூக்கைத் தூக்கினார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

ஐலிஃப் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் பழைய வாய்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல. சொன்னேனா இல்லையா? சாவியைக் குடு."

ஒட்னி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கையுறையைக் கழற்றி, டிஸ்க்கில் ஒரு தடவை தேய்த்து, அவனிடம் நீட்டினாள்.

"மோந்து பாரு."

அவன் மோந்து பார்த்தான். அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவனைத் திட்ட வாயெடுத்தேன், நிறையத் திட்டுகள் தயாராக இருந்தன. ஒட்னி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"என் வண்டியை நீ தொட்டதே இல்லயே. இன்னிக்கு ஏன் தொட்ட?"

"துருப்பிடிச்சிருந்துச்சு."

"அது துரு இல்ல. ஒரு தடவை பிடிச்சா போயிடும்."

"எனக்கு என்ன தெரியும்? ஊர் பாக்க வர்ற வண்டி. துருவோட வந்தா சிரிப்பாங்க." அவன் குரல் இறங்கிவிட்டது. "நீ ஜெயிக்கணும்னுதான்."

லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டான். ஒட்னி சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள். வண்டி கோட்டில் நிற்கவில்லை, பேச்சு பேச்சுதான் என்றாள். அவன் வாங்கவில்லை. கையுறையை மட்டும் வண்டியின் சீட்டில் வைத்துவிட்டுப் பலகை வழியாக இறங்கிப் போய்விட்டான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணெய் குடித்த பேடுகள் டிஸ்க்கைக் கவ்வாமல் வழுக்கும், அவற்றைக் காப்பாற்ற முடியாது. ஒட்னி புதிது வாங்கினாள், மாட்டினாள், டிஸ்க்குகளைக் கரைப்பான் ஊற்றி நாற்றம் போகும்வரை கழுவினாள். மேல் சாலையில் ஓட்டிப் பார்த்தாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிடித்த இடத்தில் நின்றது. இனி இறங்க வேண்டியதுதான் என்றேன். சரி என்றாள். திங்கட்கிழமை அவள் கையில் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். செவ்வாய்க்கிழமையும் நடந்து வந்தாள்.

அக்கரையில் பஸ் ஒன்றுவிட்டு ஒரு ஊருக்குத்தான் போகும். அதனால் பாதிக் கால்களைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. மீதிப் பேர் தொலைபேசியில் கேட்டார்கள். வண்டி வேலையில் இருக்கிறது என்றாள். பொய். வண்டி சரியாக இருந்தது, அவள்தான் சரியாக இல்லை. ஒரு நாள் ஃபெர்ரியில் காப்பி வாங்கிக் கொடுத்தபோது சொன்னாள்: போனமுறை குழாய் போனது, அதை மாற்றினேன். இந்தமுறை எல்லாம் சரியாக இருந்தும் நிற்கவில்லை. இனி எதை மாற்றுவது? லீவர் கல்லாக இருந்தால் வேலை சரி என்று நம்பினேன். இப்போது மேலே போய் நின்றால் கை லீவருக்குப் போகமாட்டேன் என்கிறது.

நான் ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்வதில் நான் மோசமானவன், அதனால் வாஃபிள் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டாள், அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐலிஃப் இதையெல்லாம் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பெட்டியோடு நடந்து வருவதை, அவள் ஏறின பிறகும் ஃபெர்ரியில் மோட்டார் சைக்கிள் மூலை காலியாகக் கிடப்பதை. அவன் பின்பாக்கெட்டில் துணி இல்லை. தேவாலயத்துக் கம்பிக் கதவு அந்த வாரம் கிறீச்சிட ஆரம்பித்தது, பாதிரியார் முகம் சுளித்தார். ஐலிஃப் கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்த வாரத்துப் புதன்கிழமை காலை ஒட்னி வண்டியை எடுத்துக்கொண்டு தேவாலயத்து மூலைவரை வந்துவிட்டாள். தினமும் வருவாள் போலிருக்கிறது, நின்று பார்த்துவிட்டுத் திரும்பப் போய் நிறுத்திவிட்டு நடந்து வருவாள். அன்றைக்கு நான் கீழேயிருந்து கவனித்தேன். அவள் நிற்கிறாள், இறங்கவில்லை. அப்போது ஐலிஃப் படகிலிருந்து ஏறி வந்து, நேராக வெள்ளைக் கோட்டின் மேல், சாலைக்கு நடுவில், மேட்டைப் பார்த்து நின்றான்.

ஓரமாகப் போடா என்றேன். காதில் விழாத மாதிரி நின்றான். கேப்டன் ஹாரன் அடித்தார், அதற்கும் அசையவில்லை. மேலே ஒட்னி வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு நடந்து இறங்கி வந்தாள். வருகிற வேகத்தைப் பார்த்தால் அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"பைத்தியமா உனக்கு? நகரு."

"நகர மாட்டேன். நீ வா, நிறுத்து, அப்புறம் நகர்றேன்."

"நிக்கலன்னா?"

"நிக்கும்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "போன தடவையும் நின்னிருக்கும். நீ போட்டதுல தப்பு இல்ல, ஒட்னி. என் எண்ணெய்தான் தப்பு. நீ அதை மறந்துட்ட, நான் மறக்கல."

அவள் அவனைப் பிடித்து இழுத்தாள். அவன் கனமானவன், அசையவில்லை. நீ இங்கே நின்றால் நான் சாகும்வரை இந்த இறக்கத்தில் இறங்க மாட்டேன் என்றாள். சரி, நான் சாகும்வரை இங்கேயே நிற்கிறேன் என்றான். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், அவர்கள் அம்மாவும் இப்படித்தான். கேப்டன் ஜன்னலைத் திறந்து நேரமாகிறது என்றார். நான் அவரை வாயை மூடச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மூடிக்கொண்டார்.

ஒட்னி என்னைப் பார்த்தாள். வராதே என்று சொல்லத்தான் வாய் துடித்தது. அவள் திரும்பி மேட்டில் ஏறினாள், மெதுவாக, தோளைப் பிடித்துக்கொண்டு.

வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. இறக்கத்தில் விழுந்தது. சிவப்புக் கொட்டகை நெருங்கியது. கொட்டகைக்கு நேராக முன்பக்கம் அமுங்கியது. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது. அவள் கடைசிவரை வழுக்காமல், அலறாமல், ஒரே சீராகப் பிடித்துக்கொண்டே வந்தாள். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டில், ஐலிஃபின் பூட்ஸுக்கு முன்னால் வந்து நின்றது. அவன் கை நீட்டினால் ஹெட்லைட்டைத் தொடலாம்.

நான் கைதட்டப் போனேன். கேப்டன் சிரித்துக்கொண்டே ஹாரனை ஒரு தட்டு தட்டினார். ஒட்னி ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினாள். நின்னுடுச்சு, போதுமா, இப்ப நகரு என்றாள்.

ஐலிஃப் நகரவில்லை.

மறுபடியும் பிடிவாதம் என்றுதான் நான் நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அவன் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நகரப் பார்க்கிறான், கால் வரவில்லை. ஒட்னி எஞ்சினை அணைத்தாள். வண்டியை அந்தக் கோட்டிலேயே ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு இறங்கினாள். பின்னால் லாரி காத்திருந்தது, ஃபெர்ரி காத்திருந்தது, அக்கரையில் கிழவிகள் காத்திருந்தார்கள். அவள் அண்ணனின் கக்கத்தில் கை கொடுத்து, ஒவ்வொரு அடியாக நடத்திப்போய், ஓரத்துக் கல்லில் உட்காரவைத்தாள். அவன் மூச்சு சீராகிறவரை பக்கத்திலேயே நின்றுவிட்டு, பிறகு வந்து வண்டியை ஏற்றினாள்.